நுண்கால்வாய் சிப்பில் ஒளியால் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல், உயிர்வேதியியல், பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்கள் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பைக் கையில் எடுத்ததும் கேட்கும் கேள்விகள் இவை. திரவத்தை ஓட்டுவதில் வரும் சிக்கல்களை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஓடுகிற திரவத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒளியை வைத்துச் சொல்ல வரும்போதுதான் திணறுகிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் என்றால் என்ன? அதில் ஒளிக்கு என்ன வேலை?

கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ரப்பர் போன்ற சிலிக்கோனிலோ மிக மெல்லிய கால்வாய்களை உருவாக்கி மூடிய சிறு தகடுதான் சிப். கால்வாயின் அகலமும் ஆழமும் பொதுவாகப் பத்து முதல் சில நூறு மைக்ரான் வரை இருக்கும். மாதிரியைக் கலப்பது, வினைபுரிய விடுவது, பிரிப்பது, அளப்பது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். 1979-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் டெர்ரி சிலிக்கான் வேஃபர் (மெல்லிய வட்டத் தகடு) ஒன்றில், வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராஃபை அமைத்துக் காட்டினார். முழு வேதியியல் பகுப்பாய்வையே சிப்பில் சுருக்கலாம் என்ற எண்ணத்தை 1990-இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் சகாக்களும் பாசெல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் இருந்தபடி முன்வைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோனை அச்சில் வார்த்து சிப் செய்யும் முறையைப் பரவலாக்கியது. அதன் பிறகு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் சிப் செய்ய முடிந்தது.

சிப் எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்தாலும், கடைசியில் ஒரு எண் கிடைக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரும்பாலும் ஒளிதான் தருகிறது.

ஏன் ஒளி? மின்வேதியியல் முறை போதாதா?

பல இடங்களில் தாராளமாகப் போதும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டை பெரும்பாலும் மின்வேதியியல் முறையில்தான் இயங்குகிறது. மலிவு, சின்னது, வேகமானது. ஆனால் மின்முனை திரவத்தைத் தொட்டாக வேண்டும். தொட்டால் புரதம் படியும், அழுக்கு சேரும். ஒளி எதையும் தொடாமல் சுவருக்கு வெளியே நின்று பார்க்கும். ஒரே இடத்தில் நாலைந்து நிறங்களில் நாலைந்து பொருள்களை அளக்கலாம். படமாகவும் எடுக்கலாம். கண்ணாடி, பிடிஎம்எஸ் இரண்டுமே கண்ணுக்குப் புலப்படும் ஒளியை நன்றாக விடுவதால் சிப்புக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் செய்யும் அளவீட்டை அப்படியே சிப்பில் செய்யலாமா?

எல்லாரும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

பீர்-லாம்பர்ட் விதிப்படி அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சலின் அளவு, மூன்றின் பெருக்கல்: பொருளின் மோலார் உறிஞ்சல் எண், செறிவு, ஒளி கடக்கும் பாதையின் நீளம். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் மாதிரியை ஊற்றி வைக்கும் சிறு பெட்டியான குவெட்டில் அந்தப் பாதை 1 சென்டிமீட்டர். நொதி வினைகளில் நாம் வழக்கமாகப் பின்தொடரும் என்ஏடிஹெச் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். 340 நானோமீட்டரில் அதன் உறிஞ்சல் எண் 6220. செறிவு 100 மைக்ரோமோலார் என்றால் குவெட்டில் அப்சார்பன்ஸ் 0.622. அதாவது விழுந்த ஒளியில் சுமார் 24 சதவீதம் மட்டுமே மறுபுறம் வருகிறது. எந்தக் கருவியும் தடுமாறாமல் அளக்கும்.

அதே கரைசலை 50 மைக்ரான் ஆழமுள்ள கால்வாயில் விட்டு மேலிருந்து கீழாக ஒளி பாய்ச்சுங்கள். பாதை 200 மடங்கு குறைந்துவிட்டது. அப்சார்பன்ஸ் 0.0031. ஒளியில் 99.3 சதவீதம் தப்பி வந்துவிடுகிறது. நாம் தேடும் சங்கதி அந்த 0.7 சதவீதக் குறைவில் இருக்கிறது. விளக்கின் பிரகாசம் அரை சதவீதம் ஆடினாலே சிக்னலில் பெரும்பகுதி மூழ்கிவிடும். செறிவை 1 மைக்ரோமோலாருக்குக் குறைத்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

சிப்பில் ஒளி அளவீடு பற்றிய எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை என்பது என் கருத்து. அளவைச் சுருக்கும்போது பாதையும் சுருங்குகிறது, மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சுருங்குகிறது. எந்த முறை மிகவும் நுண்ணியது என்று கேட்பதற்கு முன்பு, ஒளி படும் இடத்தில் என் பொருளின் மூலக்கூறுகள் எத்தனை இருக்கும், பின்னணியில் எவ்வளவு ஒளி இருக்கும் என்ற இரண்டையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

அப்படியானால் அப்சார்பன்ஸ் முறை சிப்புக்கு உதவாதா?

உதவும். குறுகிய பாதையே வரமாக அமையும் இடமும் உண்டு. அதற்கு ரத்தம்தான் சரியான உதாரணம். ஒரு லிட்டர் ரத்தத்தில் 150 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், ஹீம் (ஹீமோகுளோபினில் ஒளியை உறிஞ்சும் பகுதி) கணக்கில் அது 9 மில்லிமோலாருக்கும் மேல். இதை அப்படியே குவெட்டில் ஊற்றினால் கணக்குப்படி அப்சார்பன்ஸ் நூறை ஒட்டி வரும். ஒளி மறுபுறம் வரவே வராது. அதனால்தான் ஹீமோகுளோபினை அளக்கும் டிராப்கின் முறையில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 5 மில்லிலிட்டர் கரைசலில் கலந்து 251 மடங்கு நீர்க்கச் செய்கிறோம்.

ஸ்வீடனின் ஹீமோக்யூ கருவி இதையே திருப்பிப் போட்டது. ரத்தத்தை நீர்க்கச் செய்வதற்குப் பதிலாகப் பாதையைச் சுருக்கினார்கள். ஒளிப்பாதை சுமார் 0.13 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள பிளாஸ்டிக் மைக்ரோகுவெட். உள்ளே உலர்ந்த வினைப்பொருள். விரல் நுனியில் வைத்தால் சுமார் 10 மைக்ரோலிட்டர் ரத்தம் நுண்புழை விசையால் தானே ஏறிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் 201 வகைக் கருவியில் இரண்டு அலைநீளங்களில் அளக்கிறார்கள். 570 நானோமீட்டரில் ஹீமோகுளோபினுக்காக ஒரு அளவீடு, 880 நானோமீட்டரில் கலங்கலைக் கழிக்க இன்னொன்று. பைப்பெட் வேண்டாம், பம்ப்பும் வேண்டாம். இந்தத் துறையின் மிக அழகான வடிவமைப்புகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன், சிப் என்று யாரும் அதை அழைக்காவிட்டாலும்.

உங்கள் பொருளின் செறிவு குறைவு என்றால் பாதையை நீட்ட வேண்டும். ஒளியைக் கால்வாயின் குறுக்கே விடாமல் அதன் நீளவாக்கில் விடலாம். இசட் வடிவில் கால்வாயை மடித்து நடுப்பகுதி வழியே ஒளியை அனுப்புவது இந்த வகை. இரு பக்கமும் கண்ணாடிப் பூச்சு பூசி ஒளியைப் பலமுறை எதிரொளிக்கச் செய்யலாம். திரவத்தையே ஒளியிழையாக மாற்றும் வழியும் உண்டு. ஆனால் நீரின் ஒளிவிலகல் எண் 1.33, பிடிஎம்எஸ்ஸுக்கு சுமார் 1.41, கண்ணாடிக்கு அதைவிட அதிகம். ஆகவே ஒளி நீருக்குள் அடைபடாமல் சுவருக்குள் கசிந்துவிடும். டெஃப்லான் ஏஎஃப் என்ற பாலிமரின் எண் 1.29 முதல் 1.31 வரை, நீரைவிடக் குறைவு. அதைக் கொண்டு சுவர் அமைத்தால் முழு அக எதிரொளிப்பு நடந்து ஒளி திரவத்தோடு சேர்ந்தே நெடுந்தூரம் போகும்.

ஃப்ளூரசன்ஸ் முறையை ஏன் எல்லாரும் இவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள்?

பின்னணி இருட்டாக இருப்பதால். அப்சார்பன்ஸில் பெரிய வெளிச்சத்தில் ஏற்படும் சிறு குறைவைத் தேடுகிறோம். ஃப்ளூரசன்ஸில் மூலக்கூறு ஒரு நிறத்தை வாங்கிக்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள வேறொரு நிறத்தை வெளிவிடுகிறது. கொடுத்த நிறத்தை ஃபில்டரால் தடுத்துவிட்டால், வருவது மூலக்கூறின் ஒளி மட்டுமே. அமாவாசை இரவில் வயல் வரப்பில் ஒருவர் இழுக்கும் பீடியின் கங்கு தூரத்திலிருந்தே தெரிவது போலத்தான். நடுப்பகலில் அதே கங்கைப் பக்கத்தில் நின்றாலும் பார்ப்பது கடினம்.

ஃப்ளூரசீன் சாயம் 490 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை வாங்கி 515 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைத் தரும். ஆர்கான் லேசரின் 488 நானோமீட்டர் கோடு இதற்குத் தோதாக அமைந்ததால் பல வருடங்கள் இந்த ஜோடிதான் ஆய்வகங்களில் கோலோச்சியது.

எண்ணிக்கைக் கணக்கையும் இங்கே போட்டுவிடுவோம். 1 நானோமோலார் கரைசலில் 1 நானோலிட்டர் எடுத்தால் அதில் சுமார் 6 லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். 1 பிக்கோலிட்டர் எடுத்தால் சுமார் 600. செறிவு 1 பிக்கோமோலார் என்றால் அந்த 1 பிக்கோலிட்டரில் சராசரியாக ஒன்றுகூட இருக்காது. லேசர் குவியும் புள்ளியின் கனஅளவு பிக்கோலிட்டரிலோ அதற்கும் கீழேயோ இருப்பதால், நல்ல கான்ஃபோகல் (குவியும் புள்ளியின் ஒளியை மட்டும் பார்க்கும்) அமைப்பில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைச் சிறு வெடிப்புகளாகப் பார்க்க முடியும்.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 1999-இல் சந்தைக்கு வந்த அஜிலென்ட் 2100 பயோஅனலைசர், கண்ணாடி சிப்பில் டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்து லேசரால் சாயத்தைத் தூண்டி அளக்கிறது. டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் இலூமினா கருவியின் ஃப்ளோ செல்லும் அடிப்படையில் நுண்கால்வாய்களுக்குள் நடக்கும் ஃப்ளூரசன்ஸ் படப்பிடிப்புதான்.

சொந்தமாக அமைக்க என்னென்ன வேண்டும்? எதில் பணம் செலவிடலாம்?

ஒளி மூலம், ஃபில்டர்கள், லென்ஸ், டிடெக்டர். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மாணவர்கள் அதை டிடெக்டரில் போடத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் ஃபில்டரில் போடச் சொல்வேன். தூண்டும் ஒளியோடு ஒப்பிட்டால் வெளிவரும் ஒளி பல லட்சம் மடங்கு மங்கலாக இருக்கலாம். ஃபில்டர் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட ஒழுகவிடாமல் தடுக்க வேண்டும். விவரத்தாளில் தடுப்புத் திறன் 6 என்று போட்டிருப்பது இதைத்தான். அது இல்லாமல் எவ்வளவு நல்ல ஃபோட்டோமல்டிப்ளையர் (மிக மங்கிய ஒளியையும் பெருக்கி அளக்கும் டிடெக்டர்) வைத்தாலும் அது லேசரின் ஒழுகலைத்தான் நுட்பமாக அளந்து காட்டும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். நீல எல்இடி நீலத்தை மட்டும் தராது, அதன் வால் பச்சை வரை நீளும். ஆகவே எல்இடிக்கு முன்பும் ஒரு ஃபில்டர் கட்டாயம். அடுத்தது, குறுக்கீட்டு ஃபில்டர்கள் நேராக விழும் ஒளிக்கென்று செய்யப்பட்டவை. ஒளி சாய்ந்து வந்தால் அவற்றின் எல்லை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும், தூண்டும் ஒளி உள்ளே புகுந்துவிடும். லென்ஸ் வைத்து ஒளியை இணைகதிராக்கிய பிறகு ஃபில்டரைப் பொருத்துங்கள்.

டிடெக்டரைப் பொறுத்தவரை, மைக்ரோமோலார் அளவில் வேலை என்றால் சிலிக்கான் ஃபோட்டோடையோடு போதும். அதற்கு வெகு கீழே போகும்போதுதான் ஃபோட்டோமல்டிப்ளையரோ அவலாஞ்ச் டையோடோ தேவைப்படும்.

சாயமே இல்லாத கரைசலிலும் சிக்னல் வருகிறது. ஏன்?

முதலில் சிப்பைச் சந்தேகியுங்கள். பிளாஸ்டிக்குகளில் பாலிகார்பனேட் தானாகவே கணிசமாக ஒளிரும். பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக், சைக்ளிக் ஓலிஃபின் வகைகள், பிடிஎம்எஸ் ஆகியவற்றில் குறைவு. நல்ல குவார்ட்ஸில் மிகக் குறைவு. தூண்டும் ஒளி நீலத்திலிருந்து சிவப்பை நோக்கிப் போகப்போக இந்தத் தொல்லை குறையும். அதனால்தான் பல வணிகக் கருவிகள் சிவப்புச் சாயங்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

அடுத்து மாதிரி. செல் வளர்ப்புத் திரவத்தில் உள்ள ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, பச்சையாக ஒளிரும். ஃபீனால் ரெட் சேர்த்த திரவமும் பின்னணியைக் கூட்டும்.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. 488 நானோமீட்டர் லேசரை நீரில் விட்டால் ராமன் சிதறலால் (சிதறும் ஒளியில் சிறு பங்கு நிறம் மாறுவதால்) 585 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு வரும். சாயம் என்று நினைத்து அதை அளந்துவிடாதீர்கள். தூண்டும் அலைநீளத்தை மாற்றினால் ராமன் மேடு கூடவே நகரும், சாயத்தின் மேடு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இது எளிய வழி.

லேசர் திறனைக் கூட்டினால் சிக்னலும் கூடுமே?

ஓரளவு வரை. அதற்கு மேல் சாய மூலக்கூறுகள் வெளுத்துப்போகும். பின்னணி மட்டும் திறனோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். திரவம் ஓடிக்கொண்டிருந்தால் புதிய மூலக்கூறுகள் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். நிறுத்தி வைத்து அளப்பதானால் ஒளியைத் தேவையான நேரம் மட்டும் திறந்து மூடுங்கள்.

துளிகளாகப் பிரித்து எண்ணுவது என்கிறார்களே, அது என்ன?

டிஜிட்டல் பிசிஆர் என்பது அதுதான். பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் வினை. எண்ணெய்க்குள் மாதிரியை ஆயிரக்கணக்கான துளிகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் பிசிஆர் நடத்தி, துளிகளை வரிசையாக ஒளிக்கு முன் ஓடவிடுவார்கள். துளி ஒளிர்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. எவ்வளவு ஒளிர்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டிய அவசியம் இல்லை.

பயோ-ராட் கருவியில் ஒரு மாதிரிக்குச் சுமார் 20,000 துளிகள், ஒவ்வொன்றும் ஒரு நானோலிட்டருக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் 5,000 துளிகள் ஒளிர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5,000 டிஎன்ஏ பிரதிகள் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் சில துளிகளில் இரண்டு மூன்று பிரதிகள் விழுந்திருக்கும். ஒளிராத துளிகளின் பங்கு 0.75. தற்செயலாக விழும் பிரதிகளைக் கணக்கிடும் பாய்சான் பரவல்படி துளிக்குச் சராசரி 0.288 பிரதி, மொத்தம் சுமார் 5,750. இதற்கு, தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் அளவுக்கோடு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே யோசனை புரதங்களுக்கும் போயிற்று. 2010-இல் டேவிட் வால்ட்டும் சகாக்களும் சுமார் 50 ஃபெம்டோலிட்டர் குழிகளில் நொதி மூலக்கூறுகளைத் தனித்தனியாக அடைத்துக் காட்டினார்கள். ஒரே ஒரு நொதி ஆயிரம் ஒளிரும் மூலக்கூறுகளை உண்டாக்கினால், அந்தக் குழிக்குள் செறிவு 30 நானோமோலாரைத் தாண்டிவிடும். சாதாரணக் கேமராவுக்கே தெரியும் அளவு அது. சுருக்குவதால் மூலக்கூறுகளை இழக்கிறோம் என்று மேலே சொன்னேன். இங்கே சுருக்கியதே மூலக்கூறைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இது.

வேதி ஒளிர்வு முறை எப்போது நல்லது?

லூமினால், ஹைட்ரஜன் பெராக்சைடு, பெராக்சிடேஸ் நொதி மூன்றும் சேர்ந்தால் 425 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பிறக்கும். விளக்கு வேண்டாம், தூண்டும் ஃபில்டர் வேண்டாம், இருட்டுப் பெட்டியும் டிடெக்டரும் போதும். சிக்கல் கலப்பதில் இருக்கிறது. நுண்கால்வாயில் சுழல் கிடையாது. இரண்டு ஓடைகளும் பக்கம் பக்கமாக ஓடி, விரவலால் மட்டுமே கலக்கும். 100 மைக்ரான் அகலத்தைக் கடக்கச் சிறு மூலக்கூறுக்கே சுமார் 5 வினாடி ஆகும். வினை சட்டென்று ஒளிர்ந்து அடங்கும் வகை என்றால், ஒளி எங்கே தோன்றும் என்பது ஓட்ட வேகத்தைப் பொறுத்து இடம் மாறும். கால்வாயின் அடியில் மீன்முள் வடிவ வரப்புகள் வைத்தால் கலப்பு வேகமாகும்.

சாயம் ஒட்டாமலே புரதத்தை அளக்க முடியுமா?

முடியும். ஒளிவிலகல் எண்ணின் மாற்றத்தை அளக்கும் முறைகள் இதற்காகவே உள்ளன. அவற்றில் முன்னோடி மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு, ஆய்வகப் பேச்சில் எஸ்பிஆர். சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தின் மேல் பட்டகம் வழியாக ஒளியைப் பாய்ச்சினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிப்பு சட்டென்று குறையும். தங்கத்தின் மறுபுறம், சில நூறு நானோமீட்டர் தூரத்துக்குள் எதாவது வந்து ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். இதை உயிரியல் உணரியாகப் பயன்படுத்தலாம் என்று 1983-இல் ஸ்வீடனில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரம் மூவரும் காட்டினார்கள். உப்சாலாவிலிருந்து 1990-இல் பயாகோர் கருவி வந்தது.

எஸ்பிஆருக்கு நுண்கால்வாய் அலங்காரம் அல்ல. எதிர்ப்பொருள் எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, எவ்வளவு மெதுவாக விலகுகிறது என்று பார்க்க, கரைசலை நொடியில் மாற்ற வேண்டும். மேற்பரப்புக்குப் புதிய மூலக்கூறுகள் தொடர்ந்து வந்து சேர வேண்டும். மெல்லிய கால்வாய் இல்லாமல் இது நடக்காது.

ஆனால் இந்த முறைக்கு எது ஒட்டுகிறது என்று தெரியாது, ஏதோ ஒட்டுகிறது என்று மட்டும் தெரியும். வெப்பநிலையும் பெரிய எதிரி. நீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். நாம் தேடுவதோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். அறையின் ஏசி நின்று ஓடினாலே கோடு நகர்ந்துவிடும். பயாகோர் வகைக் கருவியில் அந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஏறக்குறைய ஒரு அலகு; கரைசல்களுக்கிடையே டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 1 சதவீதம் வேறுபட்டால் ஆயிரம் அலகுகளுக்கு மேல் தாவும். ஆகவே பக்கத்திலேயே எதுவும் ஒட்டாத ஒரு ஒப்பீட்டுக் கால்வாயை ஓட்டி அதைக் கழிக்காமல் எஸ்பிஆர் தரவை நம்ப வேண்டாம். சிறு மருந்து மூலக்கூறுகளுக்கு இன்னும் கவனம் தேவை: 1,50,000 டால்டன் எதிர்ப்பொருள் தரும் சிக்னலோடு ஒப்பிட்டால் 300 டால்டன் மருந்து தருவது ஐந்நூறில் ஒரு பங்கு.

ராமன் முறையை சிப்பில் பயன்படுத்துகிறார்களா?

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த விளைவு இது. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு மூலக்கூறின் அதிர்வுகளுக்கேற்ப நிறம் மாறி வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாளம் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். மிகவும் மங்கல் என்பது பலவீனம்.

1974-இல் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மானும் சகாக்களும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் பிரிடினுக்கு வழக்கத்தைவிட வலுவான ராமன் சிக்னலைப் பார்த்தார்கள். பரப்பளவு கூடியது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று 1977-இல் வான் டைனும் ஜீன்மேரும் காட்டினார்கள். அங்கிருந்துதான் மேற்பரப்பால் பெருக்கிய ராமன் முறை வளர்ந்தது. சிப்பில் வெள்ளி, தங்க நானோதுகள்களை மாதிரியோடு கலந்து ஓட்டுவது வழக்கம். துகள்கள் சுவரில் படிந்து, முந்தைய மாதிரியின் சிக்னலை அடுத்ததிலும் காட்டும். இதுதான் நடைமுறையில் வரும் பெரிய தலைவலி. மாதிரியை எண்ணெய்க்குள் துளிகளாக ஓட்டினால் துகள் சுவரைத் தொடாது, இந்தத் தொல்லையும் குறையும்.

செல்போன் கேமரா போதுமா?

நிறம் மாறும் காகிதப் பட்டைகளுக்கும், ஓரளவு பிரகாசமான ஃப்ளூரசன்ஸுக்கும் போதும். 2007-இல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு காகிதத்தில் கால்வாய் வரைந்து குளுக்கோஸையும் புரதத்தையும் நிறமாற்றத்தால் காட்டிய பிறகு இந்த வழி வேகமாக வளர்ந்தது.

ஆனால் போன் நமக்கு அழகான படம் தரவே முயற்சி செய்யும், சரியான அளவீடு தர அல்ல. வெளிச்சத்துக்கேற்ப எக்ஸ்போஷரை மாற்றும், வெள்ளைச் சமநிலையை மாற்றும், ஜேபெக்கில் சுருக்கும். சேமித்த படத்தில் பிக்சல் எண் இருமடங்கானால் ஒளியும் இருமடங்கு என்று பொருள் இல்லை. எல்லா தானியங்கி அமைப்புகளையும் அணைத்து, ரா வடிவில் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் தெரிந்த நிறமுள்ள ஒரு ஒப்பீட்டுச் சதுரத்தையும் சேர்த்து, வெளி வெளிச்சம் புகாத பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் பிக்கோமோலார் என்கிறார்கள், நோயாளியின் மாதிரியில் ஏன் அது வருவதில்லை?

இரண்டு காரணங்கள். கட்டுரையில் சொல்லும் எல்லை பெரும்பாலும் சுத்தமான பஃபரில் (பிஹெச் மாறாத கரைசலில்), பிளாங்க் (தேடும் பொருளே இல்லாத கரைசல்) அளவீட்டின் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு என்று கணக்கிட்டது. ரத்தத்தில் செல்கள் ஒளியைச் சிதறடிக்கும், ஹீமோகுளோபின் உறிஞ்சும், சீரப் புரதங்கள் சுவரிலும் உணரியிலும் ஒட்டும். பிளாங்க் என்பதே மாறிப்போகிறது.

இரண்டாவது காரணம் வெறும் எண்ணிக்கை, இதைப் பற்றி யாரும் போதுமான அளவு கவலைப்படுவதாகத் தெரியவில்லை. ஒரு மில்லிலிட்டர் சளியில் 100 காசநோய்க் கிருமிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் சராசரி அரைக் கிருமி. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் சிப்புக்குள் கிருமியே இருக்காது. எந்த லேசரும் எந்த டிடெக்டரும் அதைக் காட்ட முடியாது.

ஜீன்எக்ஸ்பர்ட் கருவியின் கதை இதற்கு நல்ல சான்று. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ், சளி மாதிரியைத் திரவமாக்கி, கிருமிகளை உள்ளேயே வடிகட்டிச் சேகரித்து, உடைத்து, பிசிஆர் செய்து, பல நிற ஃப்ளூரசன்ஸால் படிக்கிறது. அதன் கண்டறியும் எல்லை மில்லிலிட்டருக்குச் சுமார் 113 கிருமிகள். 2017-இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா வகையில் அது சுமார் 16 ஆகக் குறைந்தது. முக்கியக் காரணங்கள், வினை அறையை 25-இலிருந்து 50 மைக்ரோலிட்டராகப் பெரிதாக்கியதும், கிருமியின் மரபணுத்தொகுதியில் பல பிரதிகளாக இருக்கும் பகுதிகளை இலக்காகச் சேர்த்ததும்தான். ஒளியைப் படிக்கும் கருவி அதேதான். சளியை ஸ்லைடில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறைக்கு மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கிருமிகள் வேண்டும் என்பதை நினைத்தால் இந்த முன்னேற்றத்தின் அளவு புரியும்.

கோவாவின் மோல்பியோ நிறுவனம் கொண்டுவந்த ட்ரூநாட் கருவிக்கு 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது. அதிலும் டிஎன்ஏவைப் பிரித்து எடுத்த பிறகே ஒரு சிறு சிப்பில் பிசிஆர் நடக்கிறது, ஃப்ளூரசன்ஸ் படிக்கப்படுகிறது. பேட்டரியில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோக முடிகிறது. இங்கேயும் மாதிரித் தயாரிப்புக்குத் தனி இயந்திரம் இருப்பதைக் கவனியுங்கள்.

காற்றுக் குமிழி வந்தால் என்ன செய்வது?

குமிழியின் விளிம்பு ஒளியைச் சிதறடித்துப் பொய்யான மேடு தரும். கரைசல்களை முன்கூட்டியே வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்குங்கள். பிடிஎம்எஸ் வழியே காற்று கசியும் என்பதால் வெளிவாயில் பக்கம் சிறிது எதிரழுத்தம் கொடுப்பது நல்லது.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு எங்கே தொடங்கலாம்?

ஒரு நேர் கால்வாய் உள்ள பிடிஎம்எஸ் சிப், 470 நானோமீட்டர் எல்இடி, இரண்டு ஃபில்டர்கள், ஒரு ஃபோட்டோடையோடு, ஃப்ளூரசீன். கரைசலின் பிஹெச் 9-ஐ ஒட்டி இருக்கட்டும். ஃப்ளூரசீனின் ஒளிர்வு பிஹெச் 7-க்குக் கீழே போனால் வேகமாகக் குறையும், செறிவு குறைந்தது என்று தவறாக நினைக்க நேரும்.

எல்இடியைத் தொடர்ந்து எரியவிடாமல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் விட்டுவிட்டு எரியச் செய்து, டிடெக்டரின் சிக்னலில் அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அறை விளக்குகள் 100 ஹெர்ட்ஸில் மின்னும். ஆகவே 100-இன் மடங்குகளைத் தவிர்த்து 370 போன்ற ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நாள் முழுக்கப் பிளாங்க் மட்டும் ஓட்டுங்கள். அது எவ்வளவு ஆடுகிறது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நகர்கிறது என்று எழுதி வையுங்கள். அப்புறம் 1 நானோமோலாரில் தொடங்கி 1 மைக்ரோமோலார் வரை, குறைந்த செறிவிலிருந்து கூடியதை நோக்கிப் போங்கள். தலைகீழாகப் போனால் சுவரில் ஒட்டிய சாயம் அடுத்த அளவீட்டைக் கெடுக்கும். இது நேர்கோடாக வந்த பிறகு, அதே செறிவுகளைச் சீரத்தில் கலந்து ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.